குறைந்த மின்னழுத்த ரேம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய மடிக்கணினிக்குக் கூடுதல் ரேம் வாங்கப் போகிறவர்களிடமிருந்தும், சர்வர்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. வழக்கமான டிடிஆர்3 ரேம் 1.5 வோல்ட்டில் இயங்க, டிடிஆர்3எல் என்னும் வகை 1.35 வோல்ட்டில் இயங்குகிறது. இந்தச் சிறு வித்தியாசம் எதை மாற்றுகிறது, எதை மாற்றவில்லை என்பதுதான் அந்த விஷயம். எனவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மடிக்கணினியில் உள்ள ரேமின் லேபிளில் 'பிசி3எல்-12800எஸ்' என்று அச்சாகியிருக்கிறது. கூடுதலாக வாங்கிய ரேமில் 'பிசி3-12800எஸ்' என்று மட்டுமே இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஓர் 'எல்' இல்லாததால் என்ன ஆகிவிடும்?

பதில்: கணினி இயங்கவே மறுக்கக்கூடும் என்பதால், பொருத்துவதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. உங்கள் கையில் இருக்கும் லேபிளையே எடுத்துக்கொள்வோம். 'பிசி3' என்பது டிடிஆர்3 தலைமுறையைக் குறிக்கிறது. '12800' என்பது ஒரு நொடிக்கு 12,800 மெகாபைட் தரவைக் கடத்தும் உச்சத் திறன். கடைசியில் வரும் 'எஸ்', மடிக்கணினிக்குரிய சிறிய அளவுப் பலகை என்று சொல்கிறது. இடையில் வரும் 'எல்' ஒன்றுதான் அந்த ரேம் 1.35 வோல்ட்டில் இயங்க வல்லது என்பதற்கான சான்று. இரண்டு வகைக்கும் 204 முனைகளே இருப்பதாலும், பலகையில் உள்ள வெட்டு ஒரே இடத்தில் அமைந்திருப்பதாலும், தவறான ரேமை ஸ்லாட்டில் செருகும்போது எந்தத் தடையும் ஏற்படாது. டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 ரேமைச் செருக முடியாதபடி வடிவத்திலேயே வைத்திருக்கும் பாதுகாப்பு இங்கே இல்லை.

நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2010-ஆம் ஆண்டில் டிடிஆர்3எல் தரத்தை வெளியிட்டபோது, இவ்வகைச் சில்லுகள் 1.35 வோல்ட்டில் இயங்குவதோடு 1.5 வோல்ட்டிலும் இயங்க வேண்டும் என்று விதித்தது. ஆகவே 'எல்' உள்ள ரேமைப் பழைய 1.5 வோல்ட் மதர்போர்டில் பொருத்தினால் பொதுவாகச் சிக்கல் வராது. ஆனால் நீங்கள் கேட்பது இதற்கு நேர்மாறான நிலை. 'எல்' இல்லாத சாதாரண டிடிஆர்3 சில்லுக்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச அழுத்தம் 1.425 வோல்ட், அதற்குக் கீழே அது சரியாக இயங்கும் என்று தயாரிப்பாளர் எந்த உறுதியும் தருவதில்லை. இன்டெலின் நான்காம் தலைமுறை மடிக்கணினிச் செயலிகளிலிருந்து டிடிஆர்3 வகையில் 1.35 வோல்ட் ரேம் மட்டுமே ஏற்கப்படுகிறது. அத்தகைய கணினியில் சாதாரண ரேமைப் பொருத்தினால், திரை இருண்டபடியே நிற்கலாம், பீப் ஒலி எழுப்பிவிட்டு நின்றுவிடலாம், அல்லது, இவற்றைவிட மோசமாக, இயங்குவதுபோல இயங்கி அவ்வப்போது கோப்புகளைப் பழுதாக்கலாம். மூன்றாம் தலைமுறைச் செயலியாக இருந்தால் இரண்டு அழுத்தங்களையும் ஏற்கும். ஆனால் எல்லா ஸ்லாட்டுகளுக்கும் ஒரே மின்வழிதான் என்பதால் கலந்து பொருத்தும்போது இரண்டு ரேம்களுமே 1.5 வோல்ட்டுக்குப் போய்விடும், 'எல்' ரேமுக்காகக் கொடுத்த பணம் அந்த அளவில் வீண். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, 'எல்' உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 1.5-லிருந்து 1.35 என்றால் குறைந்திருப்பது 10 சதவீதம்தான். ஆனால் மின்சாரம் 20 சதவீதம் மிச்சம் என்று விளம்பரங்கள் சொல்கின்றனவே, இது எப்படிச் சாத்தியம்?

பதில்: விளம்பரக் கணக்குக்கு அடிப்படையாக இருப்பது உண்மையான இயற்பியல்தான், ஆனால் அது ரேமின் ஒரு பகுதிக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்துகிறது. ஒரு மின்கம்பியின் அழுத்தத்தைப் பூஜ்யத்திலிருந்து உயர்த்தி மறுபடி இறக்கும் ஒவ்வொரு முறையும் செலவாகும் ஆற்றல், அந்தக் கம்பியின் மின்தேக்குதிறனையும் (மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் திறன்) அழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 1.35-இன் வர்க்கம் 1.8225. 1.5-இன் வர்க்கம் 2.25. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.81 வருகிறது, அதாவது 19 சதவீதக் குறைவு. அதைத்தான் முழு எண்ணாக்கி 20 என்கிறார்கள்.

சில்லுக்குள் நிலைமை இவ்வளவு நேராக இல்லை. தரவைச் சேமித்து வைக்கும் நுண்ணறைகள் வெளியிலிருந்து வரும் அழுத்தத்தில் நேரடியாக இயங்குவதில்லை. சில்லின் உள்ளேயே இருக்கும் சீராக்கிகள் அதைக் குறைத்து, நிலையான ஓர் அழுத்தமாக அவற்றுக்குக் கொடுக்கின்றன. வெளி அழுத்தம் 1.5 ஆனாலும் 1.35 ஆனாலும் அந்த அறைகள் இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒன்றே. மின்திறன் என்பது அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது என்பதால், மின்னோட்டம் மாறாத பகுதியில் சேமிப்பு அந்த 10 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. வர்க்கக் கணக்கு பொருந்துவது வெளி அழுத்தத்தில் நேரடியாக ஏறி இறங்கும் கம்பிகளுக்கும், தரவு போய்வரும் இணைப்புகளுக்கும்தான். ஆகவே ஒரே தயாரிப்பு முறையில் செய்த இரண்டு சில்லுகளை ஒப்பிட்டால், மொத்தச் சேமிப்பு 10-க்கும் 20-க்கும் இடையில் எங்கோ அமையும் என்று எடுத்துக்கொள்வதே நேர்மையான மதிப்பீடு. அதற்கும் மேலே போகும் எண்களைப் பார்த்தால், பழைய தயாரிப்பு முறையில் செய்த சில்லோடு புதிய சில்லை ஒப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியானால் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு அழுத்தக் குறைப்பால் வந்ததல்ல.

கேள்வி: அப்படியானால் பேட்டரி எவ்வளவு நேரம் கூடுதலாக நிற்கும்?

பதில்: ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரி 50 வாட்-மணி கொண்டது என்றும், சாதாரணப் பயன்பாட்டில் கணினி முழுவதும் சேர்ந்து 8 வாட் எடுக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், அது 6 மணி 15 நிமிடம் நிற்கும். அந்த 8 வாட்டில் ரேமின் பங்கு 1 வாட் என்று கொண்டு, அதில் 15 சதவீதத்தை மிச்சப்படுத்தினால், கணினியின் தேவை 7.85 வாட் ஆகிறது; பேட்டரி 6 மணி 22 நிமிடம் நிற்கும். கிடைத்தது ஏழு நிமிடம். திரையின் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் இதைவிட அதிகம் கிடைத்துவிடும். எனவே இந்த ஒரு காரணத்துக்காக, நன்றாக இயங்கும் 1.5 வோல்ட் ரேமைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆனால் கணினியை மூடி உறங்கவிடும்போது கணக்கு வேறாகிறது. அந்த நிலையில் செயலியும் திரையும் அணைந்துவிட, விழித்திருக்கும் சில பாகங்களில் ரேம் முதன்மையானது. உறங்கும் கணினி மொத்தம் அரை வாட் எடுக்கிறது, அதில் பாதி ரேமுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், முன்பு சொன்ன அதே பேட்டரி 100 மணி நேரம் தாங்கும்; ரேமில் 15 சதவீதம் மிச்சமானால் 108 மணி நேரம் தாங்கும். நாள் முழுவதும் மூடி மூடித் திறந்து வேலை செய்கிறவர்களுக்கு இந்த எட்டு மணி நேரம் பொருட்படுத்த வேண்டியதுதான்.

கேள்வி: ஒரு வேலையும் செய்யாமல் உறங்கும் கணினியில் ரேம் மட்டும் ஏன் மின்சாரம் எடுக்க வேண்டும்?

பதில்: ரேம் ஒருபோதும் சும்மா இருக்க முடியாதபடிதான் அது உருவாக்கப்பட்டிருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1960-களில் கண்டறிந்து, 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பையே இன்றைய ரேமில் உள்ள டிராம் வகைச் சில்லுகளும் பின்பற்றுகின்றன: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. மின்தேக்கியில் மின்னேற்றம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். இந்த எளிமையால்தான் விரல் நகத்தளவு சில்லில் நூறு கோடிக் கணக்கில் பிட்டுகளை அடுக்க முடிகிறது. ஆனால் அந்த மின்தேக்கி, ஓட்டைப் பானையில் ஊற்றிவைத்த தண்ணீரைப்போல, தன் மின்னேற்றத்தை இடைவிடாமல் கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆகவே ஒவ்வோர் அறையையும் படித்து, படித்ததையே மறுபடி எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. டிடிஆர்3, டிடிஆர்4 ஆகியவற்றில் சாதாரண வெப்பநிலையில் 64 மில்லிநொடிக்குள் எல்லா அறைகளும் ஒரு சுற்றுப் புதுப்பிக்கப்பட்டாக வேண்டும். இதை 8,192 பகுதிகளாகப் பிரித்துச் செய்வதால், சராசரியாக 7.8 மைக்ரோநொடிக்கு ஒரு புதுப்பிப்புக் கட்டளை சில்லுக்குப் போகிறது. சில்லின் வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கசிவு கூடிவிடும் என்பதால் கெடு 32 மில்லிநொடியாகச் சுருங்குகிறது, புதுப்பிப்புக்கான செலவு இரட்டிப்பாகிறது. குறைந்த அழுத்தத்துக்கு இங்கே ஒரு மறைமுகப் பயனும் உண்டு. குறைவாக மின்சாரம் எடுக்கும் ரேம் குறைவாகச் சூடாகிறது. காற்றோட்டம் குறைந்த மெல்லிய கணினியில், அந்தச் சில டிகிரி வித்தியாசம் ரேமை 85-க்குக் கீழேயே வைத்திருக்க உதவலாம்.

கணினி உறங்கும்போது செயலியின் நினைவகக் கட்டுப்பாட்டகம் அணைந்துவிடுவதால், புதுப்பிக்கும் பொறுப்பு ரேம் சில்லிடமே ஒப்படைக்கப்படுகிறது. இதைத் தற்புதுப்பிப்பு நிலை என்கிறோம். கைப்பேசிகளுக்கான எல்பிடிடிஆர் வகையில் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்கிறார்கள்: வெப்பநிலையை அளந்து, சில்லு குளிர்ந்திருந்தால் புதுப்பிப்பின் இடைவெளியை நீட்டுகிறார்கள், தரவு இல்லாத பகுதிகளைப் புதுப்பிக்காமலேயே விட்டுவிடவும் வழி வைத்திருக்கிறார்கள். நாள் கணக்கில் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி மின்சாரத்தைச் சேமிப்பதில் இந்த உத்திகளுக்கும் பங்குண்டு.

கேள்வி: குறைந்த அழுத்தத்தில் ரேமின் வேகம் குறையுமா?

பதில்: குறையாது. லேபிளில் 12800 என்று இருந்தால், 1.35 வோல்ட்டிலும் அதே வேகத்தைத் தர வேண்டும் என்பதே தரத்தின் நிபந்தனை.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் நூறு சர்வர்கள் பழைய டிடிஆர்3 ரேமுடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழுதான ரேம்களை மாற்றும்போது 1.35 வோல்ட் வகைக்கு மாறலாமா?

பதில்: அவசியம் மாறுங்கள், இந்தச் சேமிப்பு தன் முழுப் பொருளையும் பெறுவது உங்களைப் போன்றவர்களிடம்தான். ஒரு சர்வரில் 24 ரேம்கள், ஒவ்வொன்றும் 4 வாட் என்று வைத்துக்கொண்டால், ரேமுக்கு மட்டும் 96 வாட் போகிறது. அதில் 15 சதவீதம் 14.4 வாட். சர்வர் ஆண்டு முழுவதும், அதாவது 8,760 மணி நேரமும், ஓடுகிறது என்பதால் ஒரு சர்வருக்கு ஆண்டுக்குச் சுமார் 126 யூனிட் மிச்சமாகிறது. நூறு சர்வர்களுக்கு ஏறத்தாழ 12,600 யூனிட். உள்ளே செலவாகும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாக மாறி, அதை வெளியேற்ற இன்னும் கொஞ்சம் மின்சாரம் தேவைப்படுகிறது; ஒரு வாட்டுக்குக் குளிரூட்டலுக்கென 0.4 வாட் என்று சேர்த்தால் 17,600 யூனிட்டைத் தொடுகிறது.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்றிரண்டு ரேம்களை மட்டும் மாற்றினால், மீதமுள்ள 1.5 வோல்ட் ரேம்களுக்காக எல்லாமே 1.5 வோல்ட்டிலேயே ஓடும். ஆகவே பழுதான போதெல்லாம் அங்கொன்று இங்கொன்றாக மாற்றாமல், கழற்றிய நல்ல ரேம்களை ஓரிடத்தில் சேர்த்துவைத்து, ஒரு சர்வரை முழுமையாக 1.35-க்குக் கொண்டுவந்தபின் அடுத்ததற்குப் போங்கள். இரண்டாவது, ஒரு தடத்தில் (செயலியையும் ரேமையும் இணைக்கும் தனி வழி) மூன்று ரேம்களை அடுக்கினால், சில சர்வர்கள் 1.35 வோல்ட்டை ஏற்காமல் தாமாகவே 1.5-க்கு ஏறிவிடும், அல்லது வேகத்தைக் குறைத்துவிடும். சர்வரின் கையேட்டில், எத்தனை ரேமுக்கு எந்த அழுத்தம், எந்த வேகம் என்று அட்டவணை இருக்கும். வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். லினக்ஸ் ஓடும் சர்வரானால் டிஎம்ஐடிகோட் என்னும் கட்டளை, ஒவ்வொரு ரேமும் எந்த அழுத்தத்துக்கு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பெரும்பாலும் காட்டிவிடும்.

இதோடு கேட்கப்படாத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். 8 ஜிபி ரேம்கள் 24-க்குப் பதிலாக 16 ஜிபி ரேம்கள் 12 போட்டால், கொள்ளளவு மாறாமல் பலகைகளின் எண்ணிக்கை பாதியாகிறது. கூடுதல் அடர்த்தி கொண்ட சில்லுகளால் ஆனவையாக இருந்தால், சும்மா இருக்கும்போது ஆகும் செலவு கணிசமாகக் குறையும். பல சமயங்களில் அழுத்தக் குறைப்பு தரும் சேமிப்பைவிட இது பெரிதாகவே இருக்கும்.

கேள்வி: டிடிஆர்4 ரேம் ஒன்றில் '1.35 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கிறது. இதுவும் மின்சாரத்தைச் சேமிக்கும் வகைதானே?

பதில்: இல்லை, நிலைமை தலைகீழானது. டிடிஆர்4-இன் இயல்பான அழுத்தமே 1.2 வோல்ட். அதில் 1.35 என்று எழுதியிருந்தால், தரத்தில் உள்ளதைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவதற்காக அழுத்தத்தை உயர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பில் எக்ஸ்எம்பி என்னும் வசதியை இயக்கினால்தான் அந்த அழுத்தம் நடைமுறைக்கு வரும். இயக்காமல் விட்டால் வழக்கமான 1.2 வோல்ட்டிலேயே, தரத்துக்கு உட்பட்ட வேகத்தில் ஓடும். ஓர் எண் குறைவா கூடுதலா என்பதை அந்தத் தலைமுறையின் இயல்பு அழுத்தத்தோடு ஒப்பிட்டே சொல்ல முடியும்: முதல் டிடிஆருக்கு 2.5, டிடிஆர்2-க்கு 1.8, டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1 வோல்ட்.

கேள்வி: இப்படிக் குறைத்துக்கொண்டே வருகிறவர்கள், ஒரேயடியாக அரை வோல்ட்டுக்குப் போய்விட்டால் என்ன?

பதில்: மேலே உள்ள வரிசையைக் கவனித்தால், முதலில் 0.7 வோல்ட் குறைந்தது, கடைசித் தாவலில் 0.1 மட்டுமே குறைந்திருக்கிறது. இந்தத் தயக்கத்துக்குக் காரணம், அறையைப் படிக்கும் முறையில் இருக்கிறது. ஓர் அறையின் மின்தேக்குதிறன் 15 ஃபெம்டோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு ஃபெம்டோஃபாரட் என்பது ஒரு ஃபாரட்டின் நூறு கோடியில் ஒரு பங்கை மேலும் பத்து லட்சமாகப் பகுத்ததில் ஒரு பங்கு. 1.1 வோல்ட்டில் அதில் சேர்வது ஏறத்தாழ ஒரு லட்சம் எலக்ட்ரான்களின் மின்னேற்றம். படிக்கும்போது இந்த அறை, தன்னைவிட நான்கு மடங்கு மின்தேக்குதிறன் கொண்ட நீண்ட கம்பியோடு இணைக்கப்படுகிறது. அந்தக் கம்பி முன்கூட்டியே பாதி அழுத்தத்தில், அதாவது 0.55 வோல்ட்டில், வைக்கப்பட்டிருக்கும். அறையின் மின்னேற்றம் கம்பி முழுவதும் பரவிய பிறகு கம்பியில் தெரியும் மாற்றம் வெறும் 0.11 வோல்ட். இந்தச் சிறு அசைவைத்தான் உணர்பெருக்கி என்னும் சுற்று, இரைச்சலுக்கு நடுவே அடையாளம் கண்டு, ஒன்று அல்லது பூஜ்யம் என்று தீர்மானிக்கிறது. அழுத்தத்தைப் பாதியாக்கினால் அந்த அசைவும் பாதியாகிவிடும். தவறாகப் படிக்கும் வாய்ப்பு கூடும்.

டிரான்சிஸ்டரும் இன்னொரு பக்கம் இழுக்கிறது. மின்னேற்றம் கசியாமல் காக்க அது இறுக்கமாக மூட வேண்டும். அப்படிச் செய்த டிரான்சிஸ்டரைத் திறக்க உயர்ந்த அழுத்தம் தேவைப்படுகிறது. 1.2 வோல்ட் டிடிஆர்4 சில்லுக்கு 2.5 வோல்ட்டில் தனி மின்வழி ஒன்றும், 1.1 வோல்ட் டிடிஆர்5 சில்லுக்கு 1.8 வோல்ட்டில் ஒன்றும் கொடுக்கப்படுவது இதற்காகவே.

ஆகவே பொறியாளர்கள் அறையை விட்டுவிட்டு, தரவு போய்வரும் இணைப்பில் கைவைத்தார்கள். டிடிஆர்3-இல் தரவுக்கம்பி ஒன்றைச் சொன்னாலும் பூஜ்யத்தைச் சொன்னாலும் முனையில் உள்ள மின்தடை வழியே மின்னோட்டம் பாயும். டிடிஆர்4-இல் முனையின் அமைப்பை மாற்றியதால் பூஜ்யத்தை அனுப்பும்போது மட்டுமே பாய்கிறது. பூஜ்யங்கள் அதிகமாக இருந்தால் தரவைத் தலைகீழாக்கி அனுப்பும் வசதியையும் சேர்த்தார்கள். கைப்பேசி ரேமில் இந்த முயற்சி இன்னும் தூரம் போயிருக்கிறது: எல்பிடிடிஆர்4-இல் 1.1 வோல்ட்டாக இருந்த இணைப்பு அழுத்தம், எல்பிடிடிஆர்4எக்ஸ்-இல் 0.6 ஆகவும், எல்பிடிடிஆர்5-இல் 0.5 ஆகவும் குறைந்திருக்கிறது. நீங்கள் கேட்ட அரை வோல்ட், அறைகளுக்கு எட்டாவிட்டாலும், இணைப்பில் வந்துவிட்டது. இந்த ரேம் சில்லுகள் செயலிக்கு மிக அருகில் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டு, கம்பிகள் குறுகியிருப்பதால் இது முடிகிறது. அதற்கு விலையாக, பிற்பாடு ரேமைக் கூட்டும் வாய்ப்பைப் பயனர் இழக்கிறார். இதை ஈடுசெய்யத்தான், எல்பிடிடிஆர் சில்லுகளையும் திருகிப் பொருத்திக் கழற்றக்கூடிய கேம்2 என்னும் பலகைத் தரத்தை 2023-இன் இறுதியில் ஜெடெக் வெளியிட்டது. இது பரவலாக வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். மின்சாரத்தை மிச்சப்படுத்தி, ரேம் போதவில்லை என்பதற்காக முழுக் கணினியையும் குப்பையில் போட வைப்பது எந்த வகையிலும் சேமிப்பாகாது.

கேள்வி: என்னிடம் உள்ள மேசைக் கணினியில் சாதாரண 1.5 வோல்ட் டிடிஆர்3 ரேம் இருக்கிறது. பயாஸில் அழுத்தத்தை 1.35 என்று நானே குறைத்துவிடலாமா?

பதில்: குறைந்த அழுத்தத்தால் சில்லு எரிந்துவிடாது. அந்த வகையில் அச்சம் வேண்டாம். சில ரேம்கள் 1.35 வோல்ட்டிலும் இயங்கும், குறிப்பாக வேகத்தை ஒருபடி குறைத்தால். ஆனால் கிடைக்கப்போவது ஒரு வாட்டுக்கும் குறைவு. அதற்காக நீங்கள் ஏற்றுக்கொள்வதோ, எப்போதாவது ஒரு பிட் தவறாகப் படிக்கப்பட்டு, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரு கோப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும் அபாயம். முக்கியமான வேலைகளைச் செய்யும் கணினியில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சோதனைக்கென்றே ஒரு கணினி இருந்தால், 0.05 வோல்ட் வீதம் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் மெம்டெஸ்ட்86+ நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டு, ஒரு பிழைகூட வரவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். குறைத்தபின் கணினி எழவே மறுத்தால், மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, மதர்போர்டில் உள்ள சிமாஸ் ஜம்பரை (பயாஸ் அமைப்புகளை அழித்து இயல்புநிலைக்குக் கொண்டுவரும் முனைகள்) அதன் கையேட்டில் சொல்லியிருப்பதுபோல் சில நொடிகள் இணைத்து எடுங்கள். அழுத்தம் பழைய 1.5-க்குத் திரும்பிவிடும்.